ஜெர்மனியிலிருந்து சென்ற ஒரு கைவினைஞர் குடும்பம் நியூயார்க்கில் காலூன்றிய விதம்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர் குடும்பங்கள் எவ்வாறு பிழைத்தன என்ற கேள்விக்கு, நன்கு பதிவாகியுள்ள ஹைன்ரிக் ஸ்டைன்வெக்கின் வாழ்க்கை தக்க விடையாகும். ஜெர்மனியின் ஸேசன் நகரில் மரவேலையிலிருந்து பியானோத் தொழிலுக்கு வந்த அவர், 1850இல், ஐம்பது வயதைக் கடந்தபின், மூத்த மகன் தியோடரை மட்டும் ஊரில் விட்டுவிட்டுக் குடும்பத்துடன் நியூயார்க் சேர்ந்தார். சொந்தப் பட்டறை நடத்தியவராயினும் அவர் உடனே கடை திறக்கவில்லை; தந்தையும் மகன்களும் பிறருடைய பட்டறைகளில் கூலிக்கு உழைத்து, அந்நகரின் வணிக வழக்கங்களை அறிந்துகொண்ட பிறகே, 1853இல், ஸ்டைன்வெக் என்ற குடும்பப் பெயரின் ஆங்கில வடிவில், ‘ஸ்டைன்வே அண்டு சன்ஸ்’ என்ற பியானோ நிறுவனத்தைத் தொடங்கினர். என் கணிப்பில், இந்தப் பொறுமையே அவர்களைக் காப்பாற்றியது. 1859இல் மகன் ஹென்றி, ‘கிராண்ட்’ எனப்படும் பெரிய பியானோவில் தந்திகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1865இல் ஹென்றியும் மற்றொரு மகன் சார்லஸும் அடுத்தடுத்து இறந்துவிட, தியோடர் ஜெர்மனியில் நடத்திவந்த தொழிலை விற்றுவிட்டுக் கடல் கடந்து வர நேர்ந்தது.