கான் வெட்டுறப்ப வர்ற வெள்ளக்கல்லு

கேள்வி: அண்ணே, நான் ஏ.எல் படிக்கிறேன். கற்காலத்தையும் பனியுகத்தையும் சேர்த்தே ஆராயிற சங்கம் ஒன்னு ஜெர்மனியில இருக்குன்னு எங்க சேர் சொன்னாரு. கல்லாயுதத்துக்கும் காலநிலைக்கும் என்னா சம்பந்தம்? நம்ம மலைநாட்டுல பனியுகம் வந்திச்சா? எங்க தோட்டத்துல தண்ணி ஓடுறதுக்கு கான் வெட்டுறப்ப கூரான வெள்ளக்கல்லு வருது, எடுத்து வச்சிக்கலாமா?
- ஒரு மாணவி, பண்டாரவளை

பதில்: அருமையா கேட்டிருக்கீங்க தங்கச்சி. சேர் சொன்னது ஹூகோ ஓபர்மையர் சங்கமா இருக்கும், 1951ல தொடங்குனது, எர்லாங்கன் நகரத்துல இருக்கு. ஓபர்மையர் 1877ல ரேகன்ஸ்பர்க்ல பொறந்த பாதிரியார், ஸ்பெயின் குகைகள்ல நிறைய வேல செஞ்சவரு. அந்த சங்கம் வருஷா வருஷம் ஈஸ்டர் வாரத்துல கூடும், குவார்டேர்னு ஒரு ஆய்விதழும் போடுறாங்க. கல்லாயுதம் தெரிஞ்சவங்க, எலும்பு பாக்குறவங்க, மண்ணு பாக்குறவங்க எல்லாரும் ஒரே மேசையில உக்காருறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது.

ஏன்னா கல்ல மட்டும் பாத்தா அந்த ஆளு என்னா சாப்பிட்டான், சுத்தி காடா புல்வெளியான்னு தெரியாது. நம்ம மலையில ஐஸ் மூடல. ஆனா சுமார் 21,000 வருஷத்துக்கு முன்னாடி பனியுகம் உச்சத்துல இருந்தப்ப கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு எறங்கி இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமா இருந்திச்சு, பருவமழையும் கொறஞ்சி போச்சு. அதுக்கு சாட்சி உங்களுக்கு கிட்டவே இருக்கு, ஹோட்டன் சமவெளி சதுப்புல அடுக்கடுக்கா படிஞ்ச கரிமண்ணுல 20,000 வருஷத்துக்கு மேலான மகரந்தம் அப்பிடியே இருக்கு, அது எந்தெந்தச் செடியோடதுன்னு பாத்துதான் அந்தக் காலத்துல மலை வறண்டு கெடந்திச்சின்னு சொல்றாங்க. கீழ களுத்துறை பக்கம் பாஹியங்கல குகையில சுமார் 45,000 வருஷத்துக்கு முன்னாடியே மனுசங்க கொரங்கும் அணிலும் வேட்டையாடி சாப்பிட்டிருக்காங்க, எலும்புல செஞ்ச அம்பு முனையும் கெடச்சிருக்கு, அப்ப மரத்து மேல இருக்குறத புடிக்கத் தெரிஞ்ச, மழைக்காட்டுலயே வாழப் பழகுன ஆளுங்கதானே அவங்க!

இப்ப உங்க வெள்ளக்கல்லு. பண்டாரவளை பக்கம் குவார்ட்ஸ்ங்கிற வெள்ளக்கல்லுல செஞ்ச சின்னச் சின்ன கல்லாயுதம் கெடச்ச எடம்தான், அதனால சும்மா உடைஞ்ச கல்லாவும் இருக்கலாம், ஆயுதமாவும் இருக்கலாம். தயவுசெஞ்சி பொறுக்கி வீட்டுக்கு கொண்டு போகாதீங்க, எந்த மண்ணுல எவ்வளவு ஆழத்துல கெடந்திச்சிங்கிறது போச்சின்னா அந்தக் கல்லுக்கிட்ட கேக்க ஒன்னுமே மிஞ்சாது. நோண்டவும் கூடாது, 1940ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாம தோண்டுறது குத்தம். அளவு தெரியிறதுக்கு பக்கத்துல ஒரு பத்து ரூவா காச வச்சி போட்டோ எடுங்க, எந்த மலை, எந்தக் கான்னு எழுதி வைங்க, சேர்கிட்ட சொல்லி தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்க.