தேடுதலின்போது லயத்து வீட்டுக்குள் பொலிஸார் நுழையலாமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில், தலைமறைவான சந்தேகநபர் ஒருவரைத் தேடி விடியற்காலையில் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுற்றிவளைத்த பொலிஸார், பிடியாணை எதையும் காட்டாமல் எங்கள் காம்பராவுக்குள் வந்து பெட்டிகளைக் கிளறிவிட்டு, என் தம்பியையும் விசாரணைக்கென்று கூட்டிச் சென்றார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் தம்பியின் விடயத்தைக் கவனியுங்கள். “விசாரணைக்கு” என்று சொல்லி அழைத்துச் சென்றாலும், அவர் விரும்பிய நேரத்தில் எழுந்துவர முடியாத நிலையில் இருந்தால் அது கைதுதான். கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண குற்றவியல் சட்டத்தின்கீழ், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவரை நீதவான் முன் நிறுத்தவும் வேண்டும். எனவே இன்றே பொலிஸ் நிலையத்துக்குப் போய், எந்த முறைப்பாட்டின் பேரில் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு, பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழும் அரச கரும மொழி என்பதால், தம்பி தமிழிலேயே வாக்குமூலம் கொடுக்கலாம். தனக்கு விளங்காத சிங்களத் தாளில் அவர் கையெழுத்திடவே கூடாது.

வீட்டுக்குள் வந்ததைப் பொறுத்தவரை, பிடியாணை இல்லாதது மட்டுமே அதைத் தவறாக்கிவிடாது. கைதுசெய்ய அதிகாரமுள்ள உத்தியோகத்தர், தாம் தேடும் ஆள் ஓரிடத்தில் இருப்பதாக நம்பக் காரணமிருந்தால், அங்கே குடியிருப்பவர் அவரை உள்ளே விட வேண்டும் என்பதே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஏற்பாடு. ஆனால் அந்த நம்பிக்கை உங்கள் காம்பராவைப் பற்றியதாக இருக்க வேண்டும். தேடப்படுபவர் அதே தோட்டத்துக்காரர் என்பதற்காக லயம் முழுவதையும் புரட்டுவதற்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆளைத் தேடுபவர் கட்டிலுக்கடியில் பார்க்கலாம், நகைப்பெட்டியைத் திறக்க என்ன நியாயம்? பொருட்களைத் தேடுவதற்குத் தேடுதல் ஆணையோ, போதைப்பொருள் சட்டம் போன்ற தனிச்சட்டம் தரும் அதிகாரமோ வேண்டும். பெண்களின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

தோட்டத்துத் தலைவர் பேசித் தீர்ப்பார் என்று காத்திருந்து காலத்தைக் கடத்திவிடுகிறவர்களை நினைத்தே எனக்கு அதிகக் கவலை. அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996.