சம்பளச் சீட்டில் கூட்டிக் காட்டிக் கடன் வாங்கினால்?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்குக் கார்க்கடன் வேண்டும். 1,800 ரிங்கிட் சம்பளத்தை 3,500 என்று காட்டும் சீட்டை ஏஜெண்டே அடித்துத் தருகிறாராம். தவணையை ஒழுங்காகக் கட்டினால் போதாதா என்று கேட்கிறீர்கள்.

போதாது. பொய்யைக் காட்டிக் கடன் வாங்கிய அன்றே குற்றம் நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு கட்டும் தவணை அதை அழிக்காது. ஊரில் ஏமாற்றுக்காரனை '420' என்கிறோமே, மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்தான். 420ஆம் பிரிவில் குறைந்தது 1 வருடம், அதிகபட்சம் 10 வருடம் சிறை, பிரம்படி, அதற்கு மேல் அபராதமும் உண்டு. போலிச் சீட்டை உண்மையானது போல் நீட்டியதற்கு 471ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சுலபம். வங்கி ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையைக் கேட்கும். 3,500 சம்பளம் என்றால் அதில் தொழிலாளியின் பங்கான 11 விழுக்காடு 385 ரிங்கிட். தம்பியின் கணக்கில் மாதாமாதம் 198தான் ஏறியிருக்கும். சந்தேகம் வந்தால் தோட்ட ஆபீஸுக்கு ஒரு போன் போதும், கிராணி (எழுத்தர்) உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஏஜெண்டும் குற்றவாளிதான். ஆனால் பாரத்தில் கையெழுத்து தம்பியுடையது, ஏஜெண்ட் போனை மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

ஓவர்டைம் சேர்ந்த உண்மையான சீட்டுகளோடு பழைய காருக்கு முயலச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடன் நெருக்கினால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயில் (AKPK) ஆலோசனை இலவசம்.