வாசகர் கேள்வி பதில்: வெட்டிய காடு திரும்புமா?

கேள்வி: எங்கள் காணியும் பெரியப்பாவின் காணியும் அடுத்தடுத்துத்தான். இரண்டிலும் சோளம் செய்துவிட்டுப் பத்து வருடத்துக்கு முன் கைவிட்டோம். அவருடையது காடாகிவிட்டது, எங்களுடையதில் கினிப்புல்தான் நிற்கிறது. மரக்கன்று வாங்கி நடத்தான் வேண்டுமா?
- வாசகி, கிரான்

பதில்: கன்று வாங்கும் முன் பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள், காணியை எதைக்கொண்டு வெளியாக்கினார்? கத்தி, கோடரி என்றால் விடை அதிலேயே இருக்கிறது. சேனைப் பயிர் செய்யக் காட்டை வெட்டி எரித்தாலும் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், அடுத்த மாரிக்கே வீரை கட்டையிலிருந்து துளிர்க்கும், முதிரை வேரிலிருந்தே கன்று விடும். டோசர் போட்ட காணி அப்படியல்ல. வேரோடு பிடுங்கி, மேல்மண்ணையும் அதிலிருந்த விதையையும் ஓரத்தில் தள்ளிவிட்டிருப்பார்கள். அந்த வெறும் மண்ணில் கினிப்புல் ஏறும், ஆடி ஆவணியில் அது காய்ந்து நிற்கும்போது ஒரு பீடித்துண்டு போதும். எரிந்த புல் மறுபடி துளிர்க்கும், அதற்குள் முளைத்த கன்றுதான் சாகும். உங்கள் காணியில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, வெயில் காலத்துக்கு முன் காணியைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கி, நெருப்பு தாண்டாமல் பாருங்கள். அப்புறம் புல்லுக்குள் குனிந்து தேடுங்கள். அகப்படும் ஒவ்வொரு மரக்கன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடி ஊன்றி, சுற்றியுள்ள புல்லை மிதித்துச் சாய்த்துவிடுங்கள். தனியாக நிற்கும் வேம்பையோ விளாவையோ தயவுசெய்து வெட்டாதீர்கள், பெரியப்பாவின் காட்டில் பழம் தின்ற குருவிகள் அதில் வந்திருந்து எச்சமிடும், விதை உங்களிடம் வரும் வழி அதுதான்.

பொறுமை வேண்டும். அமெரிக்க வெப்பவலயத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கைவிட்ட நிலங்களைப் பார்த்து 2021இல் வெளியான ஆய்வொன்று, மண் 10 வருடத்துக்குள் தேறிவிடும், ஆனால் பழைய காட்டின் அதே மர வகைகள் சேர 120 வருடத்துக்கு மேல் ஆகும் என்கிறது. பெரியப்பாவின் காட்டிலும் பெரிய பாலை மரங்கள் இன்னும் இருக்காது, பாலை அவ்வளவு மெதுவாக வளரும். நட ஆசையென்றால் அதையே நடுங்கள்.

கேள்வி: பற்றை வளர விட்டால் யானை வந்து நிற்காதா?
- வாசகர், பொத்துவில்

பதில்: வரும். பெரிய காட்டைவிட இளம் பற்றையில்தான் எட்டும் உயரத்தில் தீனி அதிகம். வீட்டையும் வயலையும் ஒட்டிய துண்டை இதற்கு விடாதீர்கள். காட்டோரக் காணியை விடுங்கள், விதையும் அங்கேதான் சுலபமாக வந்து சேரும்.