சட்டக் காந்தம் வாங்கினேன், புத்தகப் படம் வரவில்லை

கேள்வி: மகளின் அறிவியல் செய்முறைக்காக இரண்டு சட்டக் காந்தங்களும் இரும்புத் தூளும் அடங்கிய பெட்டி வாங்கினேன். சிவப்பு வடமுனை, நீலம் தென்முனை என்று அட்டையில் இருக்கிறது. ஒன்றின் சிவப்புக்கு எதிரே மற்றதன் நீலத்தை வைத்து, மேலே காகிதம் விரித்துத் தூளைத் தூவினால், கோடுகள் குறுக்கே ஓடாமல் இருபுறமும் ஒதுங்கி வளைகின்றன. இடையில் தூள் வரிசை கட்டாத ஒரு திட்டு, அதுவும் ஒரு காந்தத்தை ஒட்டி விழுகிறது. போலியா? மாற்றித் தரக் கேட்கலாமா?

பதில்: போலி இல்லை. வெறும் இரும்பாக இருந்தால் தூள் இப்படி ஒதுங்கி வளையாது. வர்ணம்தான் தப்பு. எதிர்முனைகள் முகம் பார்த்தால் கோடுகள் ஒன்றில் புறப்பட்டு மற்றதில் போய்ச் சேரும். ஒதுங்குகின்றன என்றால் அங்கே இருப்பவை ஒத்த முனைகள். கையால் நெருக்கிப் பாருங்கள், தள்ளும். ஈர்ப்பை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள், சாதாரண ஆணியையும் காந்தம் ஈர்க்கும். இரண்டுமே காந்தமாக இருந்தால்தான் விலக்கம்.

எதில் வர்ணம் மாறியது என்பதைத் தூள் சொல்லாது. வடமுனைகள் இரண்டு எதிர்ப்பட்டாலும் தென்முனைகள் இரண்டு எதிர்ப்பட்டாலும் ஒரே படம்தான். ஒவ்வொரு காந்தத்தையும் தனியாக, நடுவில் நூல் கட்டிக் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் இரும்புச் சாமான் வேண்டாம். ஆடி ஓயும்போது வடக்கே நோக்குவது வடமுனை. பெட்டியோடு வரும் திசைகாட்டியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வலுவான காந்தத்தின் அருகே கிடந்தால் அதன் ஊசியே முனை மாறிப்போகும்.

அந்தத் திட்டில்தான் நடுநிலைப் புள்ளி இருக்கிறது. இரு புலங்களும் அங்கே ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. சம வலு என்றால் அது சரிபாதியில் விழும். எந்தக் காந்தத்தை ஒட்டி விழுகிறதோ அது வலுக்குறைந்தது. கீழே விழுந்திருக்கலாம், சூடு பட்டிருக்கலாம். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு: வர்ணத்தை நம்பி சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாக அடுக்கிப் பெட்டியில் போட்டிருப்பார்கள். உண்மையில் ஒத்த முனைகள் ஒட்டிக் கிடந்திருக்கும், அதுவும் வலுவைத் தின்னும்.

தாராளமாக மாற்றித் தரக் கேளுங்கள். படிப்புக்கென்று விற்கும் காந்தத்தில் முனை அடையாளம் தப்பாக இருப்பது குறைபாடுதான். கடைக்காரரிடம் விசைக்கோடு பற்றி விளக்க வேண்டாம். சிவப்பும் நீலமும் தள்ளிக்கொள்வதை வீடியோ எடுத்துக் காட்டினால் போதும். முனைகளில் ஒட்டிய தூளை மட்டும் ஒட்டுநாடாவால் எடுத்துவிடுங்கள், பயன்படுத்திய பொருள் என்று திருப்பிவிடப் போகிறார்கள்.