மூன்றாவது உட்பிரிவு

கேள்வி: பால் அடிப்படையில் அரசு வேறுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. பெங்களூரிலோ அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வரி கட்டும் ஆண்களுக்கு இது அநீதி இல்லையா? – வாசகர், அல்சூர்.

பதில்: முதல் உட்பிரிவோடு படிப்பதை நிறுத்திக்கொண்டுவிட்டீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை இப்பிரிவிலுள்ள எதுவும் தடுக்காது என்கிறது மூன்றாவது உட்பிரிவு. அது வாக்குகளுக்காகப் பிற்பாடு ஒட்டவைத்த வரி அன்று. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த மூலச் சட்டத்திலேயே இருந்தது. (பிற்படுத்தப்பட்டோருக்கான நான்காவது உட்பிரிவுதான், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை நீதிமன்றத்தில் தோற்றதன் விளைவாக 1951இல் சேர்க்கப்பட்டது.) தகுதி சமமாக இருக்கும்போது அரசு வேலைகளில் 30 விழுக்காடு வரை பெண்களுக்கு முன்னுரிமை தரும் ஆந்திர அரசின் விதியை, இந்த மூன்றாவது உட்பிரிவைக் காட்டித்தான் 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆனால், பெண்ணுக்கு நன்மை என்று சொல்லி அரசு எதையும் செய்துவிட முடியும் என்று பொருளில்லை. மதுக்கூடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று டெல்லியில் நடப்பிலிருந்த 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்ட விதியைப் 'பாதுகாப்பு' என்றுதான் நியாயப்படுத்தினார்கள். 2007இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு தரவேண்டியது அரசின் பொறுப்பாக இருக்க, அதற்காகப் பெண்ணின் பிழைப்பைப் பறிப்பது என்ன நியாயம்? ஆகவே ஒரு தனி ஏற்பாட்டை எடைபோடும்போது, அது பெண்ணை வீட்டைவிட்டு வெளியே வர வைக்கிறதா, வீட்டுக்குள்ளேயே இருத்துகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

நீங்கள் குறிப்பிடும் இலவசப் பயணம், 2023 ஜூன் 11இல் கர்நாடக அரசு தொடங்கிய சக்தி திட்டம்; அது வெளியே வர வைக்கிறது. உங்கள் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு அடுக்ககங்களுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, பஸ் காசை நினைத்து அருகிலேயே குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இனி இல்லை. குளிர்சாதன வசதியுள்ள வஜ்ரா பேருந்தில் ஏறினால், அவரும் உங்களைப் போலவே பயணச்சீட்டு வாங்கியாக வேண்டும். வரியை ஆண்கள்தான் கட்டுகிறார்கள் என்ற கணக்கும் எனக்குப் புரியவில்லை. சோப்புக்கு ஜிஎஸ்டி போடும் கடைக்காரர், வாங்குவது ஆணா பெண்ணா என்று கேட்பதில்லையே.

கூட்ட நெரிசலைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பேன். சலுகையை அறிவித்த அரசு, பெருகும் பயணிகளுக்கு ஏற்பப் பேருந்துகளையும் விட்டாக வேண்டும். அப்படியொரு மனுவை, பெங்களூர் மாநகரப் பேருந்துகளை இயக்கும் பி.எம்.டி.சி.க்கு எழுதுங்கள்; நானும் கையெழுத்திடுகிறேன்.