ஆலையை மூடிய பிறகும் அந்த நிலத்தை ஏன் உடனே பயன்படுத்த முடிவதில்லை?

மண்ணில் ஊறிய நஞ்சை, அனுமதித்த அளவுக்குள் கொண்டுவருவதுதான் மண் சீரமைப்பு. அது முடியாமல் கட்டடமோ விற்பனையோ பேசுவது வீண்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பாருங்கள். 2001இல் மூடினார்கள். 2003இல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண் அங்கேயே கிடந்தது. எண்ணெயைக் கொட்டிவிட்டாலும் மண்சட்டியில் வாடை போகாதே, அப்படித்தான்.

பாதரசம் பெரும்பாலும் பொடிமண்ணில்தான் ஒட்டும். அதனால் மண்ணைச் சலித்து, அரிசி களைவதுபோல் நீரில் அலசுவார்கள். பருமணலும் கல்லும் ஓரளவு சுத்தமாகிவிடும். கலங்கல் நீரோடு வரும் வண்டலில்தான் நஞ்சு சேரும். அதைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துப் பாதரசத்தைப் பிடிப்பார்கள். வண்டலைச் சரியாகப் பிரிக்காவிட்டால் அலசிய மண்ணும் சோதனையில் தோற்கும்.

இழுபறி பெரும்பாலும் அளவில்தான். கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றது இங்கே நிர்ணயித்த வரம்பு. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை என்ற காடு இருக்கையில் இது தாராளம் என்ற எதிர்ப்பு நியாயமானதே.

“இத்தனை வருஷத்தில் தானாகவே மக்கிப் போயிருக்கும்” என்பார்கள். பாதரசம் தனிமம், மக்காது, இடம்தான் மாறும்.